உவர்மலையில இருந்து வாடகை குறைஞ்ச வீட்டுக்கு: இப்பவே மாறுறதா, பெப்ரவரி வரைக்கும் இருக்கிறதா?

கடலோரக்காகம்
வணக்கம். இப்ப இருக்கிறது திருகோணமலை உவர்மலை, மேல்மாடி, ரெண்டு அறை, வாடகை 45,000. அக்ரிமென்ட் பெப்ரவரி 28 முடியுது. புதுசா எழுதினால் 50,000 எண்டு வீட்டுக்காரர் சொல்லிட்டார். அட்வான்ஸ் 135,000 அவரிட்ட நிக்குது. மாதாமாதம் கழியிற காசில்லை, போகேக்க திருப்பித் தரவேணும். ரெண்டு மாத நோட்டீஸ். தவணைக்கு முதல் விட்டால் ஒரு மாத வாடகையை வெட்டிப்போடுவார்.

பாத்து வச்சிருக்கிறது ரெண்டு. பாலையூற்றில 32,000, வீட்டுக்காரர் பின்பக்கம் இருக்கிறார், கரண்ட் மீற்றர் ரெண்டு வீட்டுக்கும் ஒண்டுதான். மற்றது உப்புவெளியில கடற்கரைக்குக் கிட்ட 28,000, ஒக்டோபரில இருந்து எப்பவும் வரலாம் எண்டினம். வேலையும் பிள்ளையளின்ர பள்ளிக்கூடமும் டவுனுக்குள்ள. இப்ப செப்டெம்பர் கடைசி. உடனே நோட்டீஸ் குடுத்து நவம்பர் முடிய வெளிக்கிடுறது புத்தியா?

நாலும்_கூட்டிப்பார்
பாலையூற்றுக்கெண்டால் இல்லை. டிசெம்பர், ஜனவரி, பெப்ரவரி மூண்டு மாதமும் 13,000 படி மிச்சம் 39,000. வெட்டுப்படுறது 45,000. ஆறாயிரம் நட்டம், அதுக்கு மேல அடைமழைக்குள்ள மெத்தை ஏத்துற வேலை. உப்புவெளிக்குப் போட்டுப் பாத்தால் 17,000 படி 51,000, ஆறாயிரம் லாபம். அதுதான் மனசை இழுக்குது போல. அந்த லாபத்தைப் பற்றி ஆராவது கீழ சொல்லுவினம்.

மார்ச்சுக்குப் பிறகு கணக்கு வேற. நீங்க இருந்தால் குடுக்கப்போறது 45 இல்லை, 50. அப்ப பாலையூற்றில மாதம் 18,000 மிச்சம். லொறி, கூலியாள், புரோக்கருக்கு அரை மாதம், ஏசி கழட்டிப் பூட்டுறது எல்லாம் சேத்து 50,000 எண்டு வச்சாலும் மூண்டு மாதத்தில காசு திரும்பியிடும். ஸ்கூட்டர் பெற்றோல் பெரிய விசயமில்லை: ஒரு பக்கம் 4 கிலோமீற்றர் கூட எண்டால் 22 நாளுக்கு 176 கிலோமீற்றர், நாலரை லீற்றருக்குள்ள அடங்கும். பிள்ளையளுக்குப் பள்ளி ஆட்டோவும் பின்னேர டியூசன் ஆட்டோவும் எவ்வளவு எண்டு முதல்லயே கேளுங்கோ. மிச்சத்தை விழுங்குறது அதுதான்.

அலஸ்தோட்டம்_பக்கம்
அந்த உப்புவெளி வீடு "ஒக்டோபரில இருந்து" எண்டு சொல்றதிலயே கதை இருக்கு. உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைக்கு வெள்ளைக்காரர் வாறது ஏப்ரல், மே தொடக்கம் செப்டெம்பர் மட்டும். சீசனுக்கு நாள்வாடகைக்கு விடுற வீட்டை, மழைகாலத்தில சும்மா கிடக்காமல் இருக்க மாதவாடகைக்கு விடுவினம். 28,000 அதுக்கான விலை. சித்திரை வருசம் முடிய "எங்கட ஆக்கள் வருகினம், வீடு வேணும்" எண்டுவினம். பிறகு ஒரு வருசத்துக்குள்ள ரெண்டாந்தரம் லொறி பிடிக்கவேணும்.

வேணுமெண்டே அந்த வீடுதான் எண்டால் 12 மாதத்துக்கு எழுதித் தரச் சொல்லுங்கோ. முத்திரை ஒட்டிக் கையெழுத்து வச்ச துண்டு காணாது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசுக்கு முன்னால, ரெண்டு சாட்சியோட எழுதப்படவேணும். இல்லாட்டி அது மாதத்துக்கு மாதம் ஓடுற வாடகைதான். எழுதமாட்டன் எண்டால் ஆளின்ர எண்ணம் விளங்கியிடும்.

கடல்காற்றையும் யோசியுங்கோ. யன்னல் கம்பி, ஏசியின்ர வெளிப்பெட்டி, காஸ் அடுப்பின்ர பேர்னர் எல்லாம் அங்க கெதியாத் துருப்பிடிக்கும்.

மழைக்கணக்கன்
வீடு பாக்கிறதுக்கு ஒரு மாதம், பேரம் பேச ஒரு மாதம், சாமான் ஏத்த ஒரு மாதம். எல்லாத்தையும் ஒண்டாச் செய்யிறதாலதான் ஏமாறுறது.

பாலையூற்று வீட்டை நீங்க இப்பதான் பாத்திருக்கிறீங்க, காய்ஞ்ச நேரம். இப்ப தெரியிறது கிணறு மட்டும்தான்: தண்ணி எத்தினை அடியில நிக்குது, உவர்க்குதா எண்டு இண்டைக்கே வாயில விட்டுப் பாருங்கோ. கார்த்திகையில எந்தக் கிணத்துத் தண்ணியும் நல்லாத்தான் இருக்கும். மற்ற எல்லாம் மழைக்குத்தான் வெளிய வரும். நவம்பர், டிசெம்பரில ரெண்டு நாள் விடாமல் பெஞ்ச அடுத்த நாள் காலமை போங்கோ. றோட்டை விட முத்தம் பதிவா? கொமட்டில ஒரு வாளி தண்ணி ஊத்துங்கோ. சுத்திச் சுத்தி மெதுவா இறங்கினால் நிலத்தண்ணி ஏறிக் குழி நிரம்பிக் கிடக்குது. குசினி அலுமாரியை இழுத்துப் பின்சுவரைப் பாருங்கோ. சுவரில கீழ ரெண்டடிக்கு மட்டும் புதுப் பெயின்ற் அடிச்சிருந்தால் நகத்தால சுரண்டிப் பாருங்கோ. உப்புப் பூத்த சுவர் மாவாக் கொட்டும்.

பேரம் மார்கழியில. டிசெம்பர் நடுவில இருந்து தைப்பொங்கல் மட்டும் ஒருத்தரும் வீடு மாறமாட்டினம், வெறும் வீடு வெறுமையாத்தான் கிடக்கும். தை பிறந்தால் வரிசை கட்டி நிப்பினம், பிறகு ஒரு சதமும் குறையாது. மார்கழிக்குள்ள கதைச்சு, கொஞ்சம் முற்பணம் குடுத்து, வாடகை பெப்ரவரி 15 இல இருந்து எண்டு எழுதுங்கோ. ஒத்துக்கொள்ளாட்டி பெப்ரவரி 1. ரெண்டு வீட்டு வாடகையும் சேந்து ஓடுற நாள் வீண்காசில்லை, பெயின்ற், வயரிங் எல்லாம் அதுக்குள்ள முடிக்கலாம். பால் காய்ச்ச தைக்குள்ள நல்லநாள் பாத்தால் ஒரு விளக்கும் ஒரு பானையும் கொண்டு போனால் போதும். லொறி பிறகு வரட்டும்.

நாலும்_கூட்டிப்பார்
ஒரு மீற்றர் விசயத்தை விட்டிட்டன், அது முக்கியம். மின்சார சபை வீட்டுக் கட்டணத்தில மாதம் 60 யூனிட்டுக்குள்ள எரிக்கிறவைக்குக் குறைஞ்ச விலை. 60 தாண்டினால் முதல் யூனிட்டில இருந்தே மற்ற அட்டவணை, நிலையான கட்டணமும் கூடும். நீங்க 55, பின்வீடு 55 எண்டால் தனித்தனி மீற்றரில ரெண்டு பேரும் கீழ. ஒரு மீற்றரில 110, ரெண்டு பேரும் மேல. சப் மீற்றர் பூட்டினால் யூனிட் பிரியும், விலை இறங்காது. அதால தனி இணைப்பு கேளுங்கோ, இல்லாட்டி அதைச் சொல்லி வாடகையைக் குறையுங்கோ. அவரின்ர கடைசி மூண்டு பில்லையும் கையில வாங்கிப் பாத்திட்டுக் கதையுங்கோ.

கடலோரக்காகம்
நன்றி. உப்புவெளியை விட்டாச்சு. அட்வான்ஸ் 135,000 ஐ "புது ஆள் வந்தாப் பிறகு தாறன்" எண்டு இழுத்தால் என்ன செய்யிறது?

அலஸ்தோட்டம்_பக்கம்
நோட்டீஸை வாயால சொல்லாதேங்கோ. டிசெம்பர் 20க்குள்ள கடிதமா, பதிவுத் தபாலில. காசு எண்டைக்கு வேணும், என்ன கழிவு எண்டு அதிலயே கேளுங்கோ. ஜனவரி, பெப்ரவரி வாடகையை அட்வான்ஸில கழிக்கச் சொல்லி முதல்லயே கேக்கலாம். ஒத்துக்கொண்டால் அவரிட்ட நிக்கிறது 45,000 மட்டும், இழுத்தாலும் தாங்கலாம். அவர் ஒத்துக்கொள்ளாமல் நீங்களா வாடகையை நிப்பாட்டவேண்டாம், பிழை உங்கட பக்கம் வந்திடும்.

வெளிக்கிடுற நாள் கரண்ட் மீற்றர், தண்ணி மீற்றர் ரெண்டிலயும் இலக்கம் தெரிய அவருக்கு முன்னால படம் எடுங்கோ, திறப்பு குடுத்ததுக்கும் கையெழுத்து வாங்குங்கோ. ஃபைபர் லைனை மாத்தித் தரச் சொல்லி ரெண்டு மூண்டு கிழமைக்கு முதல் விண்ணப்பியுங்கோ. பாலையூற்றில அந்த ஒழுங்கையில ஃபைபர் குடுக்க வெறும் இணைப்பு (போர்ட்) இருக்கா எண்டு கேட்டிட்டு. பிரிஜ்ஜை நிமித்தியே ஏத்துங்கோ, படுக்க வச்சால் கொம்பிரசர் ஒயில் குழாய்க்குள்ள ஏறியிடும், அப்பிடி வந்ததெண்டால் ஒரு நாளைக்கு பிளக்கில போடாதேங்கோ.

மழைக்கணக்கன்
பெப்ரவரியிலயும் ஒரு மழை திடீரெண்டு வரும். லொறிக்காரனிட்ட படங்கு இருக்கா எண்டு கேட்டிட்டு அச்சாரம் குடுங்கோ.