வடசென்னையில் பட்டர் ஃப்ரூட் வளர்க்கிறவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

திருவொற்றியூர், மாடித்தோட்டம்

பட்டர் ஃப்ரூட் (அவகாடோ) மலைப்பயிர், தாண்டிக்குடியிலும் ஏற்காட்டிலும்தான் வரும், சென்னை வெயிலுக்குத் தாங்காது என்று கேட்டவர்களெல்லாம் கையை விரிக்கிறார்கள். வெயில் ஒரு காரணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நம் பக்கம் கன்றைக் கொல்வது பெரும்பாலும் உப்பு. இதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வீடு கடலுக்குப் பக்கம். போர் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை (கரைந்திருக்கிற உப்பை அளக்கிற கருவி) விட்டால் 1,500-ஐத் தாண்டிக் காட்டும். தென்னையும் சப்போட்டாவும் அதைக் குடித்துவிட்டு ஜோராக நிற்கும். பட்டர் ஃப்ரூட் நிற்காது. பழமரங்களில், உப்பில் இருக்கிற குளோரைடுக்கு மிகச் சீக்கிரம் வாடுகிற இனம் இது. அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். புதுத் தளிர் செம்புநிறத்தில் நன்றாகவே வரும். கீழே இருக்கிற முற்றிய இலைகளைப் பாருங்கள். முதலில் நுனி மட்டும் பழுப்பாகும், அப்புறம் இரண்டு ஓரமாகவும் கருகல் இறங்கும், நடு நரம்பை ஒட்டிக் கொஞ்சம் பச்சை மிச்சமிருக்கும். குரோ பேக்கின் உள்விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். வெயில் என்று நினைத்து இன்னும் அதே தண்ணீரை ஊற்றினால் கன்று கையை விட்டுப் போய்விடும்.

ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றுகிறவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். நல்ல எண்ணம்தான். ஆனால் குடிதண்ணீரிலிருந்து பிரித்த உப்பு முழுவதும் அதில்தான் வருகிறது. அதை பாத்ரூம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள், பட்டர் ஃப்ரூட் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் இதற்கு நேர்மாறு. காற்றில் இருக்கிற ஈரம் குளிர்ந்து வடிவதுதான் அது, உப்பு கிட்டத்தட்டக் கிடையாது. கத்திரி வெயிலில் செடிக்குத் தண்ணீர் அதிகம் வேண்டியிருக்கும்போதுதான் ஏசியும் ராத்திரி முழுக்க ஓடுகிறது. குழாயை வாளிக்குள் விட்டால் காலையில் கன்றுக்குத் தேவையானது கிடைத்துவிடும். பத்தாததற்கு மெட்ரோ தண்ணீர். ஐப்பசி கார்த்திகையில் டிரம்மில் பிடித்து மூடி வைத்த மழைத்தண்ணீர் இருந்தால் அதைவிட நல்லது வேறில்லை.

ஊற்றுகிற விதமும் முக்கியம். தினமும் ஒரு சொம்பு என்று மேல்மண்ணை மட்டும் நனைத்தால் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மண்ணிலேயே தங்கிவிடும். மேல்மண் லேசாகக் காய்ந்த பிறகு, அடித்துளை வழியாக வழிகிறவரை ஊற்ற வேண்டும். வழிந்த தண்ணீர் தட்டில் நிற்கக் கூடாது. கோகோபீட் (தென்னை நார்த்தூள்) கட்டி வாங்கினால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்துவிட்டுக் கலக்குங்கள். அதிலேயே உப்பு வரும், இதை யாரும் சொல்வதில்லை.

தண்ணீரை உறிஞ்சுகிற வேர் எல்லாம் மேலே ஓர் அரை அடிக்குள்தான் இருக்கிறது. அதனால் காய்ந்த இலையோ தென்னை நாரோ மூடாக்காகப் போட்டே ஆக வேண்டும், தண்டை மட்டும் ஒட்டாமல். முதல் இரண்டு கோடைக்கு நிழல்வலை கட்டாயம். பட்டை மெல்லியது, வெயில் பட்டால் வெடிக்கும். தண்டுக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள்.

அப்புறம் ரகம். சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கிற கறுத்த தோல் ஹாஸ் பழத்தின் கொட்டையை டம்ளரில் குத்தி வைத்து வளர்க்கிறார்கள். ஹாஸ் கலிபோர்னியாவில் 1935-ல் காப்புரிமை வாங்கிய ரகம், உப்பை அறவே தாங்காது. கொட்டையில் வருவது தாய்மரம் மாதிரியும் இருக்காது, காய்க்க ஏழெட்டு வருஷத்துக்கு மேலேகூட ஆகும். சூடும் உப்பும் ஓரளவு தாங்குவது மேற்கிந்தியத் தீவு இனம். உப்புத் தண்ணீர் பாய்கிற இஸ்ரேல் தோப்புகளில் அந்த இனத்தின் வேர்க்கன்றில்தான் (ஒட்டில் வேரோடு கீழே நிற்கிற கன்று) ஒட்டுக் கட்டுகிறார்கள். நர்சரியில் ஒட்டுக் கன்று வாங்கும்போது மேலே என்ன ரகம் என்று கேட்பதோடு, கீழே எதில் ஒட்டியிருக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

எண்ணூர், கத்திவாக்கம் பக்கம்

அண்ணே, நீங்கள் சொன்ன உப்பு விஷயம் நூற்றுக்கு நூறு. எங்களுக்கு அதோடு சாம்பலும் சேர்த்தி. அனல் மின் நிலையச் சாம்பல் இலையில் படிந்து, கையை வைத்தால் விரலில் ஒட்டும். பொழுது சாய்ந்தபின் நல்ல தண்ணீரில் இலையைக் கழுவிவிடுவோம். கடல்காற்று உப்பும் சாம்பலும் சேர்ந்தே போய்விடும்.

என் மரத்தை வாங்கிக்கொண்டது தண்ணீர் தேக்கம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது கொல்லையில் முழங்கால் தண்ணீர், அது வடியவே நாளானது. கொய்யா பிழைத்தது, வாழை பிழைத்தது. பட்டர் ஃப்ரூட் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தது, வெள்ளம் வடிந்தபின் ஈர மண்ணிலேயே வாட ஆரம்பித்தது. இலையெல்லாம் தொங்கி, சின்னதாகி, வெளிறி, கிளை நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வந்தது. ஓரமாகத் தோண்டிப் பார்த்தால் மெல்லிய வேர்கள் எல்லாம் கறுத்து, தொட்டால் பொடிந்தன. பைட்டோப்தோரா என்கிற வேரழுகல். உலகம் முழுக்க இந்த மரத்துக்கு முதல் எதிரி அதுதான். வாடுகிறதே என்று தண்ணீர் ஊற்றினால் அதற்குத் தீனி போட்ட கணக்கு.

இப்போது இரண்டு அடி மேடு கட்டி, மணலும் செம்மண்ணும் கலந்து, அதன் உச்சியில்தான் புதுக் கன்றை வைத்திருக்கிறேன். மழைக்கு முன்னால் டிரைக்கோடெர்மா விரிடி என்கிற நன்மை செய்யும் பூஞ்சையைத் தொழுவுரத்தில் கலந்து போடுகிறேன். அது வருமுன் காப்பதற்குத்தான், அழுகிய வேரை மீட்டுத் தராது. தாழ்வான இடத்தில் இருப்பவர்கள் தரையில் வைக்கவே வேண்டாம், மாடிதான் நல்லது.

புளியந்தோப்பு

நான் மரம் வளர்க்கவில்லை. ஆனால் இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன். எங்கள் தெருவில் ஆடுகள் அவிழ்த்துவிட்டபடிதான் திரியும். எதிர்வீட்டு மாடியில் பட்டர் ஃப்ரூட் கிளையை வெட்டித் தெருவோரம் போட்டார்கள். எங்கள் ஆயா வளர்க்கிற ஆடு, குட்டி போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது, அந்தத் தழையை மேய்ந்துவிட்டது. மறுநாள் மடி கல்லு மாதிரி வீங்கி, சூடாக இருந்தது. பால் கட்டியும் தண்ணீருமாக வந்து, அப்புறம் நின்றே போனது. குட்டிகளுக்குப் புட்டியில்தான் பால் கொடுத்தோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே என்ன தழை தின்றது என்பதுதான். அந்த இலையில் பெர்சின் என்று ஒரு விஷம் இருக்கிறதாம், பால் சுரக்கும் சதையையே அரிக்குமாம். அளவு கூடினால் இதயத்தையும் பாதிக்கும். லவ் பேர்ட்ஸ் மாதிரி கூண்டுப் பறவைகளுக்கு இலை மட்டுமில்லை, பழமும் ஆகாது, உயிரே போய்விடும். முயலுக்கும் அப்படித்தான். நம் மனிதர்கள் பழம் சாப்பிடுவதில் ஒன்றுமில்லை. வெட்டிய கிளையைத் தயவுசெய்து தெருவில் போடாதீர்கள், மூட்டை கட்டி அப்புறப்படுத்துங்கள்.

மாதவரம், பால் பண்ணை பக்கம்

புளியந்தோப்புத் தம்பி சொன்னது ரொம்ப முக்கியம். எங்கள் பக்கம் மாடு கட்டியிருப்பவர்கள் அதிகம், இன்றே போய்ச் சொல்கிறேன்.

எங்கள் தரைத் தண்ணீர் பரவாயில்லை, ஒட்டு மரம் நன்றாக வளர்ந்துவிட்டது. பூ கொத்துக் கொத்தாக வருகிறது, காய்தான் தங்கவில்லை. போன வருஷம் தங்கியது ஒரு கை அளவு. அதையும் மரத்திலேயே பழுக்கட்டும் என்று வீட்டில் எல்லோரும் காத்திருந்தார்கள். இந்தக் காய் மரத்தில் இருக்கும்வரை பழுக்காது, பறித்த பிறகுதான் பழுக்கும். ஒன்றைப் பறித்து அரிசி டின்னில் வாழைப்பழத்தோடு வைத்தேன். சுருங்காமல் ஒரே சீராக இளகியது, விளைந்துவிட்டது என்று தெரிந்துகொண்டு மற்றதைப் பறித்தோம். நார் இல்லை, வெண்ணெய் தோற்றது. காய் தங்க என்ன செய்யலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருவொற்றியூர், மாடித்தோட்டம்

அக்கா, பூவில் ஆயிரத்துக்கு ஒன்றோ இரண்டோதான் காயாகும், அது இந்த மரத்தின் சுபாவம். அதற்கு மேல் உதிர்ந்தால் ஜோடி மரம் இல்லாததைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பூவும் இரண்டு முறை திறக்கும். முதல் முறை பெண்ணாக, மூடி மறுநாள் ஆணாக. ஏ வகை மரத்தில் பெண் பூ காலையிலும் ஆண் பூ மதியத்துக்கு மேலும் திறக்கும். பி வகையில் இது தலைகீழ். இரண்டு வகையும் பக்கத்தில் இருந்தால் ஒன்றின் மகரந்தம் இன்னொன்றுக்குச் சரியான நேரத்தில் கிடைக்கும். தேனீ வேண்டும், அதனால் பூக்கும் சமயத்தில் எந்த மருந்தும் அடிக்காதீர்கள்.

உங்கள் மரத்தில் பூ இருக்கும்போது காலை ஒன்பது மணி வாக்கில் உற்றுப் பாருங்கள். நடுவில் சூல்முடி மட்டும் நிமிர்ந்து, மகரந்தத் தாள்கள் இதழோடு படிந்து கிடந்தால் அது பெண் பூ, உங்களுடையது ஏ வகை. தாள்கள் எழுந்து நின்று மஞ்சள் பொடி தெரிந்தால் பி. எது என்று எழுதுங்கள், ஜோடிக்கு எந்தக் கன்று வாங்குவது என்று பேசலாம்.