தை மழைக்கு முன் சம்பாவை அறுத்துவிடலாமா?

கேள்வி (மன்னார்குடி வட்டம்):
எனக்கு நான்கு ஏக்கர் சம்பா நிற்கிறது. ஒன்றரை ஏக்கரில் பிபிடி 5204 நெல் இரகம் முற்றிப் பழுத்துவிட்டது; மீதி இரண்டரை ஏக்கரில் சிஆர் 1009 சப் 1 இரகம், கதிரின் அடிமணிகள் இன்னும் பச்சையாகவே இருக்கின்றன. தென்கிழக்கு வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகும் என்றும், வியாழன் முதல் மூன்று நாள்களுக்கு டெல்டா மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் கனமழை பெய்யக்கூடும் என்றும் அறிவித்திருக்கிறார்கள். 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் பெய்த மழையில், அறுவடைக்கு வண்டி பேசி வைத்திருந்த நேரத்தில் பயிர் சாய்ந்து, கதிரிலேயே நெல் முளைவிட்டதைக் கண்ணால் பார்த்தவன் நான். அந்த அச்சத்தால் கேட்கிறேன்: புதன்கிழமைக்குள் இரண்டையும் அறுத்துவிடலாமா? சிஆர் வயலில், நிற்கும் பயிருக்குள்ளேயே உளுந்து விதையைத் தெளிக்கவும் எண்ணியிருந்தேன்.

பதில் 1 (திருத்துறைப்பூண்டி):
ஐயா, பிபிடியை நாளைக்கே அறுத்துவிடுங்கள். கதிர்களில் நூற்றுக்கு எண்பது மஞ்சளாகிவிட்டால் அதற்கு மேல் காத்திருப்பதில் பயனில்லை. அந்த இரகம் சாயவும் கூடியது. சிஆரைத் தொடாதீர்கள். பச்சை மணியோடு அறுத்தால் பதரும் ஈரமுமாகத்தான் மூட்டை சேரும். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பத வரம்பைத் தாண்டிய நெல்லை மேகமூட்டத்தில் களத்தில் எத்தனை நாள் கிளறிக்கொண்டிருப்பீர்கள்? அறுத்த நெல்லைத் தார்ப்பாய்க்குள் குவித்து மூடியே வைத்தால் சூடேறி நிறம் மாறிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பதில் 2 (நாகப்பட்டினம்):
வானிலை அறிக்கையின் சொற்களை அளவோடு சேர்த்துப் படித்தால் அச்சம் சற்றுக் குறையும். கனமழை என்பது 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்வது. அதாவது ஏறத்தாழ ஆறரை முதல் பதினொன்றரை சென்டிமீட்டர். ‘ஓரிரு இடங்களில்’ என்றால் மழைமானி நிலையங்களில் கால் பங்குக்கு மேற்படாதவற்றில்தான் அந்த அளவு எதிர்பார்க்கப்படுகிறது. ஆகவே உங்கள் வயலில் அவ்வளவு பெய்தே தீரும் என்று பொருளில்லை. ஆனால், தை மாதத்தில் உருவாகும் காற்றழுத்தச் சின்னங்கள் பெரும்பாலும் இலங்கையை ஒட்டியே நகர்வதால், பாதை சற்று வடக்கே திரும்பினாலும் நம் பக்கம் மழை கூடிவிடும்; 2023இல் வந்த தாழ்வு மண்டலமும் இலங்கைக் கரையைக் கடந்ததுதான். எனவே ஒரே அறிக்கையை நம்பி முடிவெடுக்காமல், புதன் மாலை வரை வரும் ஒவ்வொரு அறிக்கையையும் பாருங்கள்.

பதில் 3 (தஞ்சாவூர்):
முந்தைய இருவரும் சொன்னதை ஏற்கிறேன். ஒன்றை மட்டும் திருத்தமாகச் சொல்ல வேண்டும். சப் 1 (நீரில் மூழ்குவதைத் தாங்கும் மரபணு) என்று பெயரில் இருப்பதால் சிஆர் எந்த நீரையும் தாங்கிவிடும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். அந்தத் தன்மை, வளரும் பருவத்தில் பயிர் மூழ்கினால் பிழைத்தெழுவதற்கானது. முற்றிய கதிர் சாய்ந்து நீரில் கிடந்தால் அதுவும் முளைக்கத்தான் செய்யும். ஆகவே இன்றே தாழ்ந்த மூலையில் வரப்பை வெட்டி, வயல்நீரை முழுவதும் இறக்கி, வடிகால் வாய்க்காலில் அடைத்திருக்கும் ஆகாயத்தாமரையை அகற்றுங்கள். உங்கள் வயல் வடிந்தாலும் வாய்க்கால் வடியாவிட்டால் நீர் திரும்பி உள்ளேதான் ஏறும். ஆதலால் பக்கத்து வயல்காரர்களையும் கூட்டிக்கொண்டு செய்வதே முறை. மழைக்குப் பின் முற்றிய கதிர் சாய்ந்திருந்தால், லிட்டருக்கு 50 கிராம் வீதம் உப்பைக் கரைத்துத் தெளித்தால் முளைப்பு கட்டுப்படும். உளுந்தை இப்போது தெளிக்காதீர்கள், நீர் நின்றால் விதை அழுகிவிடும். மண் ஈரம் மெழுகுப் பதத்துக்கு வந்தபின், அறுவடைக்கு ஒரு வாரம் இருக்கையில் தெளிக்கலாம். பயிர்க் காப்பீடு செய்திருந்தால், சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். வயலின் படத்தை இன்றே எடுத்து வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. பிபிடிக்கு நாளைக் காலை செயின் அறுவடை வண்டி வருகிறது. வாய்க்கால் வேலைக்குக் கீழ்வயல்காரர்கள் நால்வர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், சிஆர் நிற்கட்டும். உளுந்து விதையை மூட்டையிலேயே வைத்துவிட்டேன்.