கான்டெமிர் நூலின் படங்களைச் சரிபார்க்க உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. ஒட்டோமான் பேரரசு பற்றிய பழைய அச்சு நூல்களைச் சேர்த்து வருகிறேன். மொல்டாவிய (இன்றைய ருமேனியா, மால்டோவா பகுதி) இளவரசர் திமீத்ரியே கான்டெமிர் லத்தீனில் எழுதிய வரலாற்றின் ஆங்கிலப் பதிப்பு (லண்டன், 1734-35) ஒரு வியாபாரியிடம் விலைக்கு வந்திருக்கிறது. இஸ்தான்புல்லில் பல ஆண்டுகள் வாழ்ந்து, துருக்கி இசையும் கற்றவர் எழுதியது, விட மனமில்லை.

சிக்கல், செப்புத்தகட்டில் செதுக்கித் தாளில் அச்சிட்ட சுல்தான்களின் படங்களில்தான். இப்படிப்பட்ட படங்களைச் சட்டம் போட்டு விற்பதற்காகச் சிலர் வெட்டி எடுத்துவிடுவார்கள். வந்த புகைப்படத்தில் தையல் ஓரமாக, வெட்டிய தாளின் மெல்லிய விளிம்பு ஒன்று தெரிகிறது. முழுப் பிரதியைப் பார்த்தவர்கள், எந்தப் படம் எந்தப் பக்கத்துக்கு எதிரே வரும் என்று தயவுசெய்து சொல்ல முடியுமா?

அப்புறம், ஆஸ்திரிய அறிஞர் ஹாமர்-புர்க்ஷ்டால் ஜெர்மன் மொழியில் எழுதிய 10 தொகுதி ஒட்டோமான் வரலாறு (1827-35) உதிரித் தொகுதிகளாகக் கிடைத்தாலும் தகவல் கொடுங்கள்.