பெண் பார்க்க ஒரு நாள் முன்னதாக வந்தவர்கள்: வீட்டாரை வைத்து நகைச்சுவைப் படம் எடுத்த அனுபவம்

அம்பாசமுத்திரத்துக்கு அருகே, தாமிரபரணிக் கரையில் எங்கள் ஆச்சியின் வீடு இருக்கிறது. சென்ற ஆண்டு மே மாத விடுமுறையில் உறவினர் 11 பேரும் நண்பர்கள் 4 பேரும் அங்கே கூடி, ஒரு நகைச்சுவைப் படத்தை எடுத்தோம். பெண் பார்க்க வருகிறவர்கள் தேதியைப் பிழையாகக் குறித்துக்கொண்டு ஒரு நாள் முன்னதாகவே வந்துவிடுகிறார்கள். வெள்ளையடிப்பதற்காகப் பாத்திரம் பண்டமெல்லாம் முற்றத்தில் கிடக்கும் வீட்டார், அவர்களை எதிர்பார்த்தே காத்திருந்ததுபோல் சமாளிக்கிறார்கள். கதை அவ்வளவுதான். மொத்தச் செலவு ரூ. 41,000. அதில் ரூ. 19,000 சாப்பாட்டுக்குப் போயிற்று. மிச்சத்தில் காலர் மைக் வாடகையும் போக்குவரத்தும் பெரியவை. கேமரா என்பது நண்பரின் கைப்பேசிதான். சாப்பாட்டில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்று இதே முயற்சியில் இறங்குகிறவர்களை மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். சம்பளம் வாங்காமல் வெயிலில் நிற்கிறவருக்கு நேரத்துக்கு இலை போடுவதுதான் நாம் காட்டக்கூடிய மரியாதை.

வசனத்தை வாசித்துக் காட்டியபோது எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதல் நாள் படப்பிடிப்பில் அந்தச் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. எங்கள் மாமா எந்தக் கல்யாண வீட்டிலும் பந்தியையே கலகலப்பாக்கிவிடுகிறவர் என்பதால், பெண்ணின் தந்தை வேடத்தை அவருக்கே கொடுத்திருந்தோம். கேமரா ஓடத் தொடங்கியதும் அவர் குரல் மேடை நாடகக் குரலாகிவிட்டது. ஒவ்வொரு வசனம் முடிந்த பிறகும் சிரிப்புக்காக ஒரு நொடி காத்திருந்தார். அதே காட்சியில், அதிகம் பேசாத சித்தப்பாவுக்குத் தண்ணீர்த் தட்டை ஏந்தி வந்து நிற்பது மட்டுமே வேலை. வந்தவர்களில் யாருக்கு முதலில் கொடுப்பதென்று உண்மையாகவே குழம்பி, ஒவ்வொரு முகமாகப் பார்த்து, கடைசியில் தட்டிலிருந்த தம்ளரையே அவர் உற்றுப் பார்த்தார். இரவு பதிவுகளை எல்லாரும் உட்கார்ந்து பார்த்தபோது, மாமாவின் வசனங்களுக்கு மரியாதைக்குச் சிரித்தவர்கள் சித்தப்பா தம்ளரைப் பார்த்த இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அன்றிரவே திரைக்கதையைத் திருத்தினேன். பொய்களையெல்லாம் மாமாவே சொல்லட்டும், ஆனால் கேமரா அந்தப் பொய்யைக் கேட்டுக்கொண்டிருக்கிறவரின் முகத்தில் இருக்கட்டும் என்பதுதான் திருத்தம். வீட்டாரை வைத்து எடுக்கும் நகைச்சுவைக்கு இதைவிடப் பெரிய உதவி வேறு இல்லை என்று உறுதியாக நம்புகிறேன். பயிற்சி இல்லாதவரால் ஒரு வசனத்தைச் சொல்லிச் சிரிக்கவைப்பது கடினம். ஆனால் ஒரு பேச்சைக் கேட்டுத் திகைப்பதும், அடக்கிக்கொள்வதும், பேச்சை மாற்றுவதும் வாழ்நாள் முழுவதும் குடும்பத்துக்குள் பழகிய கலை. ஆச்சிக்கு வசனமே எழுதாமல் விட்டோம். வந்தவர்கள் விடைபெறும் காட்சியில், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, “ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போங்கய்யா, மொகமெல்லாம் வாடிக் கெடக்கு” என்று அந்த நடிகர்களைப் பார்த்து மெய்யான கரிசனத்தோடு சொன்னார். அவர்கள் போகமுடியாமல் மறுபடி உட்கார்ந்தார்கள். கதை அங்கிருந்து வேறு வழியில் போயிற்று. நான் எழுதியிருந்த முடிவைவிட அது நல்ல முடிவு.

ஒலிதான் எங்களை மிகவும் வருத்தியது. மே மாதத்தில் மின்விசிறியை நிறுத்தினால் 5 நிமிடத்துக்கு மேல் யாராலும் அறைக்குள் இருக்க முடியாது. ஓடவிட்டால் எல்லா வசனத்தின் அடியிலும் அதன் இரைச்சல் படிந்துவிடும். இத்தோடு பக்கத்துத் தெரு அம்மன் கோயிலில் கொடை விழாவும் சேர்ந்துகொள்ள, மூன்று நாள் ஒலிபெருக்கி ஓயவில்லை. அந்த நாள்களில் வசனமில்லாத காட்சிகளை எடுத்தோம். வசனம் தவிர்க்கமுடியாத இடங்களில் அமெரிக்க இயக்குநர் ராபர்ட் ரோட்ரிகஸின் முறை கைகொடுத்தது. ஏறத்தாழ 7,000 டாலரில் எடுக்கப்பட்டு 1992-இல் வெளிவந்த தம் முதல் முழுநீளப் படத்தில் அவர் பயன்படுத்திய கேமராவால் வசனத்தைச் சேர்த்துப் பதிவுசெய்ய இயலாது என்பதால், ஒவ்வொரு காட்சியையும் எடுத்த கையோடு அதே நடிகரை அங்கேயே பேசவைத்துத் தனியாகப் பதிவுசெய்துகொண்டார். சொன்ன வேகமும் மூச்சும் நினைவில் இருக்கும்போதே பேசுவதால், அது பெரும்பாலும் உதட்டசைவோடு பொருந்திவிடுகிறது. நாங்கள் ஒலிபெருக்கி ஓயும் இடைவேளை வரை காத்திருந்து, போர்வைகளைத் தொங்கவிட்ட உள்ளறைக்குள் நடிகர்களைப் பேசவைத்தோம். இரண்டு மாதம் கழித்து டப்பிங் பேசியிருந்தால் அந்தத் தடுமாற்றங்கள் திரும்பக் கிடைத்திருக்காது.

கைப்பேசியில் எடுப்பவர்களுக்கு இன்னும் இரண்டு செய்திகள். பல கைப்பேசிகள் நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கைத் தாமாகவே கூட்டிக் குறைக்கும். அதனால் தனியாகப் பதிவான ஒலி, தொடக்கத்தில் பொருந்தியிருந்தாலும், நீண்ட காட்சியில் சிறிது சிறிதாக விலகிப்போகும். எண்ணிக்கையைப் பூட்டிவைக்கும் செயலியைப் பயன்படுத்துவது நல்லது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், நொடிக்கு 25 படம், ஷட்டர் வேகம் 1/50 நொடி என்று வைத்துக்கொண்டால் பழைய குழல் விளக்கின் துடிப்பு படத்தில் தெரியாது. முதல் நாள் பதிவில் பாதி இதனால்தான் வீணாயிற்று.

படத்தொகுப்புக்கு டாவின்சி ரிசால்வ் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பே போதுமாக இருந்தது. முதல் தொகுப்பு 52 நிமிடம் வந்தது. மொட்டைமாடியில் வெள்ளை வேட்டியைக் கட்டித் தெருவாரையும் அழைத்துத் திரையிட்டோம். நான் படத்தைப் பார்க்காமல், பார்த்தவர்களைப் பார்த்து, எந்த நிமிடத்தில் சிரித்தார்கள், எந்த நிமிடத்தில் கைப்பேசியை எடுத்தார்கள் என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு 38 நிமிடமாகக் குறைத்தோம். சித்தப்பா தம்ளரைப் பார்க்கும் இடத்தை மட்டும் இரண்டு நொடி நீட்டினேன்.

ஈரோட்டுப் பக்கமிருந்து ஒருவரின் பகிர்வு:

நானும் நண்பர்கள் ஐவரும் விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்கிறவர்கள். மகாராஷ்டிரத்தின் மாலேகாவ் நகரில், எங்களைப்போன்ற தறித் தொழிலாளர்களும் சிறு கடைக்காரர்களும் புகழ்பெற்ற இந்திப் படங்களைப் பகடிசெய்து எடுத்த படங்களைப் பற்றி ஃபைசா அகமது கான் 2008-இல் ஆவணப்படம் எடுத்திருக்கிறார். மிதிவண்டியில் கேமராவை வைத்து உருட்டுவதையும் மாட்டுவண்டியைக் கிரேனாக்குவதையும் அதில் பார்த்த பிறகுதான் எங்களுக்குத் துணிவு வந்தது. தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. அந்தச் சத்தத்தோடு எவ்வளவோ மல்லுக்கட்டிய பிறகு, அதையே கதையாக்கிக்கொண்டோம். முதலாளி “நூல் வந்துருச்சா” என்கிறார். தொழிலாளிக்கு “நாள் வந்துருச்சா” என்று கேட்கிறது. தம் கல்யாணத்தைத்தான் விசாரிக்கிறார் என்று நம்பி அவர் பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிடுகிறார். வசனமெல்லாம் இரைச்சலுக்கு மேலாகக் கத்திச் சொல்லப்படுவதால், தெளிவான ஒலிப்பதிவு எங்களுக்குத் தேவைப்படவே இல்லை.

இந்தப் பேச்சைத் தொடங்கியவரிடம் ஒன்று கேட்க வேண்டும். 14 நிமிடத்தைக் குறைத்தபோது உறவினர் யாருடைய காட்சியாவது முழுமையாகப் போயிற்றா? எங்களில் ஒருவரின் அண்ணன் காட்சியை நீக்கிவிட்டுத் திரையிடும்வரை அவரிடம் சொல்லாமல் இருந்துவிட்டோம். அவர் இன்றுவரை எங்களோடு முகம்கொடுத்துப் பேசவில்லை.

தொடங்கியவரின் மறுமொழி:

போயிற்று. மதுரையிலிருந்து இரண்டு நாள் கடையை அடைத்துவிட்டு வந்து நடித்த பெரியப்பாவின் காட்சி அது. தரகராக வந்து ஜாதகத்தைத் தலைகீழாகப் பிடித்துப் படிப்பார். தனியாகப் பார்த்தால் நல்ல காட்சி, ஆனால் படத்தின் நடுவில் கதையை நிறுத்திவிடுகிறது. இறுதித் தொகுப்பை யாருக்கும் காட்டுவதற்கு முன்பு பேருந்து ஏறி மதுரைக்குப் போய், கடையில் உட்கார்ந்து, காரணத்தை ஒளிக்காமல் சொன்னேன். சிறிது நேரம் அவர் பேசவில்லை. கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார். அந்தக் காட்சியை மட்டும் தலைப்பும் இசையும் சேர்த்து, அவர் பெயரை முதலில் போட்டு, 4 நிமிடத் தனிப் படமாகச் செய்து கொண்டுபோயிருந்தேன். அதைக் கைப்பேசியில் போட்டுக் கொடுத்தேன். முழுதும் பார்த்துவிட்டு, “ஜாதகத்த இன்னும் கொஞ்ச நேரம் திருப்பாமப் பிடிச்சிருக்கணும்ல?” என்று கேட்டார். நான் ஊர் திரும்புவதற்குள் கடைக்கு வந்தவர்கள் பலருக்கு அதைக் காட்டியிருக்கிறார் என்று பெரியம்மா தொலைபேசியில் சொன்னார். உங்கள் நண்பரின் அண்ணன் நடித்த பதிவு அழியாமல் இருந்தால், இப்போதும் காலம் கடந்துவிடவில்லை, நேரில் போங்கள்.