மொரைனுக்குத் தமிழ்: கல்தீடை

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

காஷ்மீர் மலையூரான சோனமர்க்குக்கு நாம் எழுதும் பயணக் கையேடு மூன்றாம் பக்கத்தில் ஒரு சொல்லுக்காக நிற்கிறது. காலையில் கிளம்பி தாஜிவாஸ் பனியாற்றைப் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்புவது பற்றிய பக்கம் அது. பனியாறு, அதாவது மலைச்சரிவில் மெதுவாக நகரும் பனிக்கட்டித் திரள், என்ற சொல்லில் சிக்கல் இல்லை, பாடநூலிலேயே இருக்கிறது. பனியாறு மலையிலிருந்து அரித்து எடுத்து வந்து, ஓரத்திலும் முன்னாலும் போட்டுவிட்டுப் போகும் கல்மேட்டுக்குத்தான் சொல் வேண்டும். பாடநூல் 'மொரைன்' என்கிறது. மண்டபத்து அண்ணன் அதையே வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார். நான் கல்தீடை என்று சொல்கிறேன்.

அண்ணே, ஏன் இதற்கு இவ்வளவு மல்லுக்கட்டுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் முன்பு அங்கே போனபோது என் சட்டைப்பையில் ஒரு குறிப்புத்தாள் இருந்தது. 'மொரைனைக் கவனமாகக் கடக்கவும்' என்று அதில் ஒரு வரி. எது மொரைன் என்று தெரியாமல் அதன் மேலேயேதான் நின்றிருந்தேன். ரோடு போடக் கொட்டிய ஜல்லி மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு மேடு. காலை ஊன்றியதும் மேல்கல் நழுவியது. கல் விலகிய இடத்தில் அழுக்கேறிய பனிக்கட்டி, எண்ணெய் தடவியது போல் மினுங்கியது. கணுக்கால் பிசகி மூன்று நாள் அறையிலேயே கிடந்தேன். என்னைத் தூக்கிவிட்ட குதிரைக்காரர் இந்தியில் சொன்னது இவ்வளவுதான்: மேலே கல், கீழே பனி. அந்த நாலு சொல்லில் இருந்த எச்சரிக்கை என் தாளில் இல்லை.

இனி தீடைக்கு வருகிறேன். தனுஷ்கோடிப் பக்கம் ஒன்றாம் தீடை, இரண்டாம் தீடை என்று மணல்திட்டுகளை எண்ணிச் சொல்வது நமக்கெல்லாம் பழக்கம். அரிச்சல்முனையில் நின்றால் கண்ணுக்கே தெரியும். தீடை தானாக முளைத்த மேடு அல்ல. ஓடிக்கொண்டிருக்கும் ஒன்று, கொண்டுவந்ததைப் போட்டுவிட்டுப் போன மேடு. இங்கே நீவாடும் (கடல் நீரோட்டம்) அலையும் போடுகின்றன, அங்கே பனி போடுகிறது. மேடு, குவியல், படிவு என்ற சொற்களில் இந்த 'கொண்டுவந்து போட்டது' வருவதில்லை. படிவில் ஓரளவு வருகிறது. ஆனால் படிவு என்றால் அடியில் அமைதியாகத் தங்கியது என்றுதான் மனத்தில் படுகிறது. பக்கச்சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும் ஒன்றுக்கு அது பொருந்தாது.

தேவிபட்டினத்து அக்கா கேட்ட கேள்விதான் கனமானது. தீடையில் மணல் ஒரே சீராக இருக்கும், ஏனென்றால் நீரும் காற்றும் சலித்துத்தான் போடும். பனி சலிக்காதே என்றார்கள். உண்மை. பனியாறு மாவு போன்ற தூளையும் வீட்டளவு பாறையையும் ஒன்றாகக் கலந்து கொட்டும். ஒரு மேட்டைப் பனியாறு போட்டதா ஓடை போட்டதா என்று கண்டுபிடிக்க அந்தக் கலப்பும் ஒரு துப்பு. அதனால்தான் வெறும் தீடை போதாது, முன்னால் 'கல்' வேண்டும் என்கிறேன். பனித்தீடை என்றும் யோசித்தேன். ஆனால் அதைப் படித்தவர் வெள்ளை மேட்டைத் தேடுவார், சாம்பல் மேட்டில் கால் வைத்துவிடுவார்.

இன்னொன்று, அண்ணே. மொரைன் என்பதும் ஆய்வுக்கூடத்தில் பிறந்த சொல் அல்ல. ஆல்ப்ஸ் மலையில் சவாய் பகுதிக் குடியானவர்கள் மண்மேட்டுக்குச் சொன்ன பேச்சுச்சொல். ஜெனீவாவைச் சேர்ந்த அறிஞர் ஒரஸ் பெனடிக்ட் டி சொசூர் அதை அவர்களிடம் கேட்டு 1779இல் தன் நூலில் எழுதினார், அது உலகம் முழுக்கப் பரவியது. பனியாற்றில் கோபுரம் கோபுரமாக நிற்கும் பனிக்கட்டிக்கு அங்கே வழங்கும் 'செராக்' என்ற பெயர்கூட அந்த ஊர் வெள்ளைப் பாலாடைக்கட்டியின் பெயர்தான். அவர்கள் தங்கள் மலைக்காரர் வாயிலிருந்து எடுத்தார்கள். நம் கடல்காரர் வாயில் பொருத்தமான சொல் இருக்கும்போது நாமும் எடுக்கலாம்.

புணர்ச்சி இலக்கணம் பார்த்தால் கற்றீடை என்று வரவேண்டும். சரிதான், ஆனால் கண் அதைக் கற்றல் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். கல்தூண், கல்தச்சர் என்று பிரித்துத்தானே எழுதுகிறோம்? கல்தீடை என்றே விடலாம். கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன: பனியாற்றின் இரு ஓரத்திலும் இருப்பது பக்கத்தீடை, இரண்டு பனியாறுகள் கூடும்போது நடுவில் ஓடுவது நடுத்தீடை, முன்னால் குறுக்கே கிடப்பது முனைத்தீடை. பனி பின்வாங்கிய பிறகும் முனைத்தீடை அங்கேயே கிடக்கும். ஒருகாலத்தில் பனியாறு எதுவரை வந்திருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

பனியில் விழும் ஆழமான விரிசலுக்கு முதலில் பனிவெடிப்பு என்று எழுதியிருந்தேன். கோடையில் நம் கண்மாய்கள் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்குமே, அந்த நினைப்பில். ஆனால் இமயமலைச் செய்தி என்றாலே இப்போது மேகவெடிப்புதான், வாசிப்பவர் பனியும் ஏதோ வெடித்துச் சிதறும் என்று எடுத்துக்கொள்வார். பனிப்பிளவு என்று மாற்றிவிட்டேன்.

திருத்திய பத்தி இது:

"சோனமர்க் சுமார் 2,700 மீட்டர் உயரம். நாம் கடல்மட்டத்திலிருந்து போகிறோம், வந்து இறங்கிய அன்றே நடக்க வேண்டாம். ஒரு நாள் தங்கி, மறுநாள் விடிந்ததும் கிளம்புங்கள். இரவுக் குளிரில் பனி இறுகியிருக்கும், ஓடையில் தண்ணீர் குறைவாக இருக்கும். மதியத்துக்கு மேல் உருகுநீர் பெருகும், கல்தீடையில் கற்கள் கழன்று உருளும். கல்தீடையில் ஒவ்வொரு கல்லையும் தடியால் தட்டி, ஆடாவிட்டால் மட்டும் கால் வையுங்கள். கல்லுக்கு அடியில் பனிக்கட்டி இருக்கலாம். பக்கத்தீடையின் உட்சரிவில் இறங்காதீர்கள். வழிகாட்டி இல்லாமல் பனியாற்றின் மேல் ஏறவே கூடாது, புதுப்பனி பனிப்பிளவை மூடி மறைத்திருக்கும். கறுப்புக் கண்ணாடி கட்டாயம். வாலிநோக்கம் உப்பளத்தில் உச்சிவெயிலில் நின்றவருக்குக் கண் எப்படிக் கூசும் என்று தெரியும், புதுப்பனியில் அதைவிடக் கூசும்."

அக்கா, அண்ணே, இந்தப் பத்தியை மலையே பார்த்திராத ஒருவரிடம் வாசித்துக்காட்டுங்கள். கல்தீடை என்ற இடத்தில் அவர் நிறுத்தி 'அது என்னது?' என்று கேட்டால் எழுதுங்கள். வெள்ளிக்கிழமைதான் அச்சுக்குக் கொடுக்கிறேன், அதுவரை மாற்றலாம்.

அன்புடன்,
தங்கச்சிமடத்திலிருந்து