மறு: ஃபீடருக்கு ‘மின்னூட்டி’யா, ‘மின்வாய்க்கால்’லா?

வணக்கம் அண்ணா,

ஃபீடருக்கு, அதாவது பல மோட்டார்களுக்கும் சேர்த்து மின்சாரம் கொண்டுவரும் பெரிய கேபிளுக்கு, நீங்கள் சொன்ன ‘மின்னூட்டி’யை இரண்டு நாளாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். நாக்கில் ஒட்டவில்லை. பள்ளிப் பாடத்தில் ‘மின்னூட்டம்’ என்றால் எலெக்ட்ரானிலும் புரோட்டானிலும் இருப்பது. போன் சார்ஜரையும் சிலர் ‘மின்னூட்டி’ என்கிறார்கள். அதே சொல்லின் தலையில் மோட்டார் கேபிளையும் ஏற்ற வேண்டாம்.

பர்மாவில் பெகு பக்கம் எங்கள் நெல் மில்லில் ஒரே கேபிளிலிருந்து நான்கு மோட்டார்கள் ஓடுகின்றன. பாலிஷர் 10 குதிரைத்திறன், ஹல்லர் 7.5, எலிவேட்டரும் தவிட்டு ஊதியும் மும்மூன்று. அந்தப் பெரிய கேபிளும் எங்களுக்கு ‘லைன்’தான், அதிலிருந்து மோட்டாருக்குப் பிரிவதும் ‘லைன்’தான். போன மழைக்காலத்தில் எலிவேட்டர் மோட்டாரின் டெர்மினல் பெட்டியைத் திறந்த தம்பி, “லைனை எடுத்தாச்சா?” என்று மேலிருந்து கத்தினான். கீழே நின்றவன் ஊதியின் பிரேக்கரை இறக்கிவிட்டு, “எடுத்தாச்சு” என்றான். தம்பி கை வைக்கும் முன் டெஸ்டரை வைத்துப் பார்த்தான், மினுக்கென்று எரிந்தது. அன்றைக்கே இரண்டுக்கும் இரண்டு பெயர் வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பெரிய கேபிள் ‘மின்வாய்க்கால்’. ஒவ்வொரு மோட்டாருக்கும் பிரிவது ‘கிளைக்கால்’. பிரியும் இடத்து பிரேக்கர் ‘மடை’. பேனல் கதவில் வெள்ளை பெயின்டில் அப்படியே எழுதிவிட்டோம், பக்கத்தில் பர்மிய எழுத்திலும்.

வயல் சொல் தொழில்நுட்பத்துக்கு ஆகாது என்பீர்கள். மின்னோட்டத்தில் இருக்கும் ஓட்டம் எங்கிருந்து வந்தது அண்ணா? இன்னொன்றும் இலவசமாகக் கிடைக்கிறது: ‘கடைமடை’. பாலிஷரை நேரடியாக ஸ்டார்ட் செய்தால் அதன் 15 ஆம்பியர் ஆறு மடங்காகி 90 வரை ஏறும். கேபிளின் கோடியில் இருக்கும் எலிவேட்டருக்கு வோல்டேஜ் இறங்கி, அதன் காண்டாக்டர் (மோட்டாரை இணைக்கும் காந்த சுவிட்ச்) கடகடவென்று அடிக்கும். தண்ணீர் எட்டாத கடைமடை வயல் எப்படியோ, இதுவும் அப்படி. முதலில் குறைந்த வோல்டேஜில் கிளப்பும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் போட்டபின் அந்த இழுப்பு மூன்றில் ஒரு பங்காகிவிட்டது.

கணக்கும் இந்தச் சொற்களில் தெளிவாக வருகிறது. அமெரிக்க மின் விதித்தொகுப்பின் 430ஆம் பிரிவுப்படி, வாய்க்காலின் தாங்குதிறன் என்பது பெரிய மோட்டாரின் முழுச்சுமை மின்னோட்டத்தில் 125 விழுக்காடு, அதோடு மற்ற மோட்டார்களின் முழுச்சுமை. எங்கள் 400 வோல்ட்டில் 18.75 + 11 + 5 + 5, ஆக 40 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. கிளைக்காலுக்கு அதனதன் மோட்டாரை மட்டும் பார்த்தால் போதும்.

ஒரே ஒரு இடத்தில் உவமை தலைகீழாகிறது, அதை மறைக்க மாட்டேன். மடை திறந்தால் தண்ணீர் பாயும், மின்சுற்று திறந்தால் மின்சாரம் நிற்கும். பாடப்புத்தகத்தில் ‘திறந்த சுற்று’ படித்த பையன் ‘மடையைத் திற’ என்றால் எதைச் செய்வான்? அதனால் எங்கள் மில்லில் ‘திற’, ‘மூடு’ இரண்டையும் நிறுத்திவிட்டோம். ‘விடு’ (மின்சாரம் பாயட்டும்), ‘அடை’ (நிற்கட்டும்) மட்டும்தான். நம் கலைச்சொல் குழுவில் மின்பணி பார்ப்பவர்கள் இந்த இரண்டையும் பேனல் முன்னால் நின்று ஒருமுறை சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.