ஓரத்தில் ஒரு பென்சில் குறிப்பு: கார்ன்வால் குடும்ப வரலாற்று இரவல் நூலக அனுபவங்கள்

(கார்ன்வால், இங்கிலாந்தின் தென்மேற்கு மூலை. பலர் மாறி மாறி எழுதியது. ஒவ்வொரு பகுதியின் தலைப்பும் எழுதியவரின் புனைபெயர்.)

அடிலெய்டு அலமாரி

இரவல் போன புத்தகம் ஒன்று நேற்று திரும்பி வந்தது. வீட்டிலேயே தட்டச்சு செய்து, சுருள்கம்பி போட்டு ஒரு குடும்பம் நூலகத்துக்குக் கொடுத்தது, எண் 929.2 (குடும்ப வரலாறு) அலமாரி. கார்ன்வாலிலிருந்து தெற்கு ஆஸ்திரேலியாவின் மூன்டா செம்புச் சுரங்கத்துக்கு வந்த ஒரு சுரங்கத் தொழிலாளியின் வம்சம். கப்பல் பட்டியலில் பிறந்த ஊர் 'செயின்ட் ஜஸ்ட்' என்று மட்டும் இருக்கிறது. கார்ன்வாலில் அந்தப் பெயரில் இரண்டு ஊர்: ஒன்று ரோஸ்லண்ட் பக்கம், ஒன்று பென்வித் பக்கம். தொகுத்தவர் ரோஸ்லண்ட் பக்கத்து செயின்ட் ஜஸ்ட்டை எடுத்துக்கொண்டு, அங்கிருந்து மூன்று தலைமுறை பின்னோக்கிப் போயிருக்கிறார். திரும்பி வந்த பிரதியில் அந்தப் பக்க ஓரத்தில் பொடி எழுத்தில் பென்சில்: "ரோஸ்லண்ட் இல்லை, பென்வித். 1851 கணக்கெடுப்பைப் பாருங்கள்."

பார்த்தாயிற்று. குறிப்பு எழுதியவர் சொன்னதுதான் சரி. 1851-இல் அந்தக் குடும்பம் பென்சான்ஸ் பதிவு மாவட்டத்தில் இருக்கிறது. அப்பா, இரண்டு மகன்கள், மூவருக்கும் தொழில் வெள்ளீயச் சுரங்கம். பென்வித் செயின்ட் ஜஸ்ட், லேண்ட்ஸ் எண்ட் எனும் நிலமுனைக்குப் பக்கத்தில் சுரங்கங்கள் நெருக்கமாக இருந்த ஊர். ரோஸ்லண்ட் செயின்ட் ஜஸ்ட், ஃபால்மவுத்துக்கு எதிர்க்கரை. விவசாயமும் கடல் தொழிலும். அது ட்ரூரோ பதிவு மாவட்டம். புத்தகத்தில் உள்ள அந்த மூன்று தலைமுறையும் யாரோ அந்நியர்கள்.

இதே குழி வேறு இடங்களிலும் உண்டு. செயின்ட் கொலம்ப் மேஜர், மைனர். பெரன்சபுலோ, பெரனார்வொர்த்தல், பெரனுத்னோ. 'பெரன்' என்று மட்டும் எழுதியிருந்தால் மூன்றையும் பார்த்தே ஆக வேண்டும். 1841 கணக்கெடுப்பு இதற்கு உதவாது. அதில் அதே கவுண்டியில் பிறந்தாரா இல்லையா என்பது மட்டும்தான் இருக்கும். 15 வயதுக்கு மேல் பலருக்கும் வயதை 5-இன் மடங்காகக் குறைத்து எழுதியிருப்பார்கள். ஊர்ப் பெயர் வருவது 1851-இலிருந்துதான்.

கேள்வி இதுதான். அந்தப் பென்சிலை அழிப்பதா, விடுவதா?

பல்லாரட் பழம்பதிவு

அழித்துவிடுங்கள். பென்சிலை விட்டுவைத்தால் அடுத்தவர் பேனாவோடு வருவார்.

முதலில் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு வெள்ளை வினைல் அழிப்பான். உள்பக்கத்திலிருந்து ஓரத்தை நோக்கி ஒரே திசையில். முன்னும் பின்னும் தேய்த்தால் மெல்லிய தாள் சுருங்கிக் கிழியும். துகளை ஊதாமல் மென்தூரிகையால் தள்ளுங்கள், ஊதினால் எச்சில் ஈரம் படும். திருத்தத்தை அமிலமில்லாத தனித்தாளில் எழுதிப் பின்அட்டைக்குள் வையுங்கள்: பக்கம், வரி, என்ன தவறு, எந்தப் பதிவின் அடிப்படையில், எந்தத் தேதியில். ஒட்டுத்தாள் வேண்டவே வேண்டாம். அதை உரித்த பிறகும் பசை தாளில் தங்கி, தூசியை இழுத்துக்கொண்டு பழுப்பாகும்.

இங்கே மறக்க முடியாதது ஒரு மரணச் சான்றிதழ். மூன்டாவில் இறந்த ஒரு பெண்ணின் பெற்றோரைத் தேடி ஒருவர் புத்தகம் மாற்றி புத்தகம் இரவல் எடுத்துக்கொண்டிருந்தார். தெற்கு ஆஸ்திரேலியாவில் பதிவு 1842 ஜூலை 1-ஆம் தேதியே தொடங்கிவிட்டது. ஆனால் அந்தக் காலத்து மரணச் சான்றிதழில் பெற்றோர் பெயரே கிடையாது. பெயர், வயது, இடம், காரணம், அவ்வளவுதான். வழி வேறு பக்கம் இருந்தது. அவளுடைய அண்ணன் தங்கம் தேடி பல்லாரட் வந்து இங்கேயே இறந்திருந்தார். 1853 ஜூலையில் பதிவு தொடங்கிய விக்டோரியாவில் சான்றிதழ் கொட்டிக் கொடுக்கும்: அப்பா பெயர், தொழில், அம்மாவின் பிறந்தவீட்டுப் பெயர், பிறந்த ஊர், காலனியில் எத்தனை வருடம், யாரைக் கட்டினார், பிள்ளைகள் பெயர், வயது. பிறந்த ஊர்க் கட்டத்தில் கார்ன்வாலின் 'குவென்னப்'. அம்மாவின் பிறந்தவீட்டுப் பெயர்க் கட்டத்தில் இருந்த அதே பெயர், பிள்ளைகள் வரிசையில் மூத்த மகனுக்கு நடுப்பெயராக நிற்கிறது. தாய்வழிக் குடும்பப் பெயரைப் பிள்ளைக்கு நடுப்பெயராக வைப்பது கார்ன்வால்காரர்களிடம் வெகு சாதாரணம். அந்த இரண்டு கட்டங்களையும் சேர்த்துப் பார்த்த கணத்தில் தங்கைக்கும் பெற்றோர் கிடைத்துவிட்டார்கள்.

ஆகவே தெற்கு ஆஸ்திரேலியாவில் முட்டி நின்றால், கூடப் பிறந்தவர்களில் யார் விக்டோரியாவில் இறந்தார் என்று தேடுங்கள். ஒரு எச்சரிக்கை: தகவல் கொடுத்தவர் யார் என்ற கட்டத்தைப் பாருங்கள். மகன் சொன்னால் நம்பலாம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதென்றால் அம்மாவின் பெயர் ஊகமாகவும் இருக்கும்.

மாரிகுப்பம்

கோலார் தங்கவயல் பக்கமிருந்து ஒன்று.

ஒரு ஆங்கிலக் குடும்பம், தாத்தாவின் தகப்பனார் 'கேப்டன்' என்று வீட்டில் வழங்கியதால் மெட்ராஸ் ராணுவப் பட்டியல்களில் தேடிக்கொண்டே இருந்தது. அவர் பெயர் எங்கும் இல்லை. கடைசியில் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் பகுதியில் அவரை அடக்கம் செய்த பதிவின் நகல் வந்தது. தொழில் என்ற கட்டத்தில் இரண்டே சொல்: 'மைனிங் கேப்டன்'.

கார்ன்வாலில் கேப்டன் என்றால் சுரங்கத்தின் மேற்பார்வையாளர். நிலத்தடி கேப்டன், மேற்பரப்பு கேப்டன் என்று தனித்தனியாக உண்டு. ராணுவமும் இல்லை, கப்பலும் இல்லை. ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் 1880 வாக்கில் கோலாருக்கு வந்தபோது இந்தக் கேப்டன்களும் கூடவே வந்தார்கள். ஆகவே கார்ன்வால் குடும்ப வரலாற்றில் அந்தச் சொல்லைக் கண்டால் முதலில் சுரங்கம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தேட வேண்டிய இடம்: லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் என்/2 வரிசை, அதாவது மெட்ராஸ் திருச்சபை நகல்கள் (ஞானஸ்நானம், திருமணம், அடக்கம்). தங்கவயல் மைசூர் சமஸ்தானத்துக்குள் இருந்தாலும் திருச்சபை நகல் மெட்ராஸ் வழியாகத்தான் போனது. மைசூர் என்று தேடி ஏமாறுகிறவர்கள் அதிகம். கார்ன்வால்காரர்கள் பலர் மெதடிஸ்ட் என்பதால் ஆங்கிலிக்கன் பதிவில் இல்லாவிட்டால் கைவிடாதீர்கள், மெதடிஸ்ட் சபைப் பதிவையும் பாருங்கள்.

இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: அதே குழிகளில் அந்தக் கேப்டன்களுக்குக் கீழே இறங்கியவர்கள் பெரும்பாலும் வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு லண்டனுக்கு எந்த நகலும் போகவில்லை. ஒரே விபத்தில் மேலே நின்றவர் பெயரைக் கடல் தாண்டித் தேடி எடுத்துவிடலாம். கீழே நின்றவர் பெயருக்கு உள்ளூர்ச் சபைப் பதிவேடும் குடும்ப ஞாபகமும்தான்.

செம்புக்கல்

சின்ன விஷயம். கொடையாக வந்த ஒரு புத்தகத்தில், "பதினொரு வயதில் 'பால்' என்ற பெரிய வீட்டில் வேலைக்காரியாக இருந்தாள்" என்று அச்சாகியிருந்தது. மூலத்தில் இருந்தது 'பால் மெய்டன்'. கார்ன்வால் மொழியில் பால் என்றால் சுரங்கம். அந்தச் சிறுமி திறந்தவெளியில் சுத்தியலால் தாது உடைத்தவள். பெரிய கல்லை உடைப்பது ஸ்பாலிங், வெறுங்கல்லைத் தட்டி நீக்குவது காபிங், மிச்சத்தைப் பொடியாக்குவது பக்கிங். அவள் பட்ட பாடு முழுவதையும் ஒரு தவறான பெருவீடு மூடிவிட்டது. இதற்கு மட்டும் திருத்தத்தாள் பின்அட்டையில் போதாது. அந்தப் பக்கத்திலேயே வைக்க வேண்டும்.

ஃபிஷ் பெட்டி

பழைய சர்வதேச வம்சாவளி அட்டவணையின் மைக்ரோஃபிஷ் (பக்கங்களைப் பொடியாகப் படமெடுத்த படலத் தாள்), 1992 பதிப்பு. ஒரே பெற்றோர், ஒரே பெயர், இரண்டு ஞானஸ்நானம்: 1829, 1832. இரவல் வாங்கியவர் முதலாவதைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். 1830 அடக்கப் பதிவில் அந்த முதல் குழந்தை இருக்கிறது, வயது 11 மாதம். 1849-இல் 17 வயதென்று கப்பலேறியவன் இரண்டாவது பிள்ளை. இறந்த பிள்ளையின் பெயரையே அடுத்ததற்கு வைப்பார்கள். அந்த அட்டவணையில் அடக்கங்கள் அநேகமாக இல்லாததால், செத்த குழந்தை அதில் என்றைக்கும் உயிரோடுதான் இருக்கும்.

ஃபிஷ் இரவல் கொடுப்பவர்களுக்குச் சில. பெட்டியில் இருப்பவை அநேகமாக டயஸோ எனும் சாய நகல்கள். வெளிச்சத்தில் மங்கும். ரீடரில் போட்டுவிட்டு விளக்கை அணைக்காமல் டீ குடிக்கப் போனால் அந்தப் படம் நிரந்தரமாக வெளுக்கும். ஓரத்தைப் பிடித்து எடுங்கள், நடுவில் கைரேகை பட்டால் திரையில் மலைபோல் தெரியும். எழுத்து இடவலம் மாறித் தெரிந்தால் ரீடர் கெட்டதாக அர்த்தமில்லை, ஃபிஷைப் புரட்டிப் போட்டால் சரியாகிவிடும். தெளிவில்லாவிட்டால் லென்ஸைத் தொடும் முன் கண்ணாடித் தட்டைத் துடையுங்கள், பத்துக்கு எட்டு முறை அழுக்கு அங்கேதான். தபாலில் அனுப்பும்போது இருபுறமும் கெட்டி அட்டை. ரப்பர் பேண்ட் போடாதீர்கள். ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளிப் படலம் உள்ள ஃபிஷைக் கெடுக்கும், டயஸோவானாலும் பேண்ட் உருகி ஒட்டும். ஒரு இரவலுக்கு 10 தாளுக்கு மேல் வேண்டாம். போகும்போதும் வரும்போதும் எண்ணுங்கள். 105-க்கு 148 மில்லிமீட்டர் தாள் புத்தகத்துக்குள் சொருகிக்கொண்டால் கண்ணில் படாது.

படச்சுருள் இருந்தால் மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து முகருங்கள். காடி வாசனை வந்தால் சுருளின் அசிடேட் படலம் அழுகத் தொடங்கிவிட்டது. உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்து, நகல் எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். குறுந்தகடுகளில் வந்த பழைய பதிவுத் தொகுப்புகளுக்கு இன்னொரு சிக்கல்: 16-பிட் மென்பொருள் இன்றைய 64-பிட் விண்டோஸில் திறக்காது. மெய்நிகர்க் கணினியில் பழைய விண்டோஸை நிறுவித்தான் திறக்க முடியும். உரிம நிபந்தனையைப் படித்த பிறகே வேறு வடிவத்துக்கு மாற்றுங்கள்.

மார்ச் 25

பல்லாரட் அண்ணா சொன்னதை ஏற்க முடியவில்லை. தனித்தாள் விழுந்துவிடும். தபாலில் போய் வரும் புத்தகத்தில் கட்டாயம் விழும். பென்சில் விழாது.

ஒரு உதாரணம். அச்சான ஒரு வரலாற்றில் முன்னோர் ஒருத்தியைத் திருமணத்துக்கு முன் பிள்ளை பெற்றவள் என்று எழுதி, அதற்கு ஒரு முழுப் பத்தி விளக்கமும் இருந்தது. திருமணம் 1721 மே. ஞானஸ்நானம் 1721 பிப்ரவரி. பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் இங்கிலாந்தில் 1752-க்கு முன் ஆண்டு தொடங்கியது மார்ச் 25-ஆம் தேதி. பதிவேட்டின் 1721 பிப்ரவரி, நம் கணக்கில் 1722 பிப்ரவரி. மே மாதத்திலிருந்து எண்ணினால் ஒன்பதாம் மாதம். அந்தப் பத்திக்குப் பக்கத்தில் யாரோ '1721/22' என்று பென்சிலால் எழுதியிருந்தார்கள். அந்தக் கோடு ஒன்றுதான் அவள் மேல் விழுந்த பழியைத் துடைத்தது. அதை வினைல் அழிப்பானால் தேய்ப்பதா?

ஜனவரி 1-இலிருந்து மார்ச் 24 வரை 1752-க்கு முந்தைய எந்தத் தேதியையும் இரண்டு ஆண்டும் சேர்த்தே எழுதுங்கள். அச்சுத் தொகுதிகளில் ஒன்றை மட்டும் போட்டிருந்தால் பதிப்பாசிரியர் மாற்றினாரா இல்லையா என்று முன்னுரையில் பாருங்கள். 1900-இலிருந்து வெளிவந்த கார்ன்வால் ஃபிலிமோர் திருமணத் தொகுதிகள் (ஊர்ப் பதிவேடுகளின் அச்சு வடிவம்) பல நூலகங்களில் இருக்கும். அவை பெரும்பாலும் 1812-உடன் நின்றுவிடும். சாட்சிகள் பெயரும் இராது. 1754-க்குப் பிந்தைய திருமணத்துக்குச் சாட்சிதான் உறவைக் காட்டும் என்பதால் மூலப் பதிவேட்டின் படத்தைத் தேட வேண்டும். மூலம் ரெட்ரூத்தில் 2019-இல் திறந்த கார்ன்வால் ஆவணக் காப்பகமான கிரெசென் கெர்னோவில். பாதிரியார் ஆண்டுதோறும் மேற்றிராணியாருக்கு அனுப்பிய நகல் வேண்டுமென்றால் எக்ஸெட்டர் பக்கம் தேடுங்கள், ஏனென்றால் ட்ரூரோ தனி மறைமாவட்டம் ஆனது 1870-களில்தான்.

பல்லாரட் பழம்பதிவு

தம்பி, தாள் விழுகிறது என்பது சரி. ஆனால் பென்சில் எல்லாம் சரியான பென்சில் இல்லை. தவறான திருத்தமும் அதே கையெழுத்தில், அதே நம்பிக்கையோடு வரும். ஆதாரம் எழுதாத குறிப்பை விட்டுவைத்தால் அடுத்தவர் அதையும் அச்சடிப்பார்.

அடிலெய்டு அலமாரி

இரண்டு பேரும் சொன்னதைச் சேர்த்து இப்படிச் செய்தாயிற்று. பென்சிலை அழிக்கவில்லை. அதற்குக் கீழே 2பி பென்சிலால் சிறிய 'தி1' மட்டும். பின்அட்டையின் உள்பக்கத்தில் அமிலமில்லாத தாளில் ஒரு உறை, மாவுப்பசையால் மூன்று பக்கம் ஒட்டியது. அதற்குள் திருத்தத்தாள் எண் 1: பக்கம் 14, வரி 6, 1851 கணக்கெடுப்பு, பென்சான்ஸ் பதிவு மாவட்டம், சரிபார்த்த தேதி. செம்புக்கல் அக்கா சொன்னபடி இன்னொரு பிரதியை அந்தப் பக்கத்திலேயே வைத்தாயிற்று. நூலகப் பட்டியலிலும் குறிப்பு வரிசையில் ஏற்றியாகிவிட்டது, புத்தகத்தை எடுக்காமலே தேடுகிறவருக்கும் தெரியட்டும் என்று.

புத்தகம் கொடுத்த குடும்பத்துக்குக் கடிதம் இன்னும் போகவில்லை. கணக்கெடுப்புப் பக்கத்தின் நகலும் பென்வித் ஞானஸ்நானப் பதிவின் நகலும் சேர்ந்த பிறகு, மூன்றையும் ஒரே உறையில் அனுப்ப வேண்டும்.